ஆறு புரி, பத்தொன்பது கம்பி

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால், சான்ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதித் தமிழர்கள் அவர்களைக் கூட்டிப்போகும் இடங்களில் கேபிள் கார் கட்டாயம் இருக்கும். பவல் தெருவில் வரிசையில் நின்று, ஏறி, பக்கவாட்டுப் பலகையில் தொற்றிக்கொண்டு ஒரு படம் எடுத்துவிட்டால் வந்த வேலை முடிந்தது. அந்த வண்டியில் எஞ்சின் கிடையாது, மோட்டாரும் கிடையாது. தண்டவாளங்களுக்கு நடுவில் ஒரு நீளமான பிளவு தெரியும். அதற்குக் கீழே, தெருவின் அடியில், ஒரு கம்பிவடம் மணிக்குச் சுமார் 15 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஓட்டுநர் நெம்புகோலை இழுத்தால் கிரிப் என்ற கவ்வி வடத்தைப் பிடிக்கும், வண்டி நகரும். பிடியை விட்டுவிட்டு பிரேக் போட்டால் நிற்கும். ஓட்டுவதற்கு வேறு வித்தை எதுவும் இல்லை. எவ்வளவு இறுக்கிப் பிடிப்பது, எந்த இடத்தில் விடுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

வாஷிங்டன் தெருவும் மேசன் தெருவும் சந்திக்கும் மூலையில் இதன் இயந்திரக்கூடம் இருக்கிறது. மேலே அருங்காட்சியகம்; உள்ளே போகக் கட்டணம் இல்லை. ஆளுயரத்தைத் தாண்டிய கப்பிகள் சுழல்வதை மாடத்திலிருந்து பார்க்கலாம். நான்கு மோட்டார்கள், ஒவ்வொன்றும் 510 குதிரைத்திறன். நான்கு வடங்கள். கலிஃபோர்னியா தெருவுக்கான வடம்தான் நீளமானது: ஏறக்குறைய 21,000 அடி, அதாவது ஆறரைக் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அதற்கு முனையே கிடையாது. இரண்டு நுனிகளையும் பிரித்து, புரிகளை ஒன்றுக்குள் ஒன்று செருகிப் பின்னி வளையமாக்கியிருக்கிறார்கள்.

அந்த வடத்தை ஓரிடத்தில் குறுக்கே வெட்டிப் பார்த்தால் என்ன தெரியும்? ஒன்றேகால் அங்குல விட்டம். நடுவில் சணல் போன்ற சைசல் நாரில் திரித்த ஒரு கயிறு. அதைச் சுற்றி ஆறு புரிகள். ஒவ்வொரு புரியிலும் 19 எஃகுக் கம்பிகள். மொத்தம் 114 கம்பிகள். எஃகு வடத்துக்கு நடுவில் நார்க்கயிறு எதற்கு என்று கேட்கத் தோன்றும். அது சுமை தாங்க வைத்ததல்ல. ஆறு புரிகளும் உள்நோக்கி நசுங்கிப் போகாமல் தாங்கி நிற்க ஒரு மெத்தை வேண்டும். அந்த மெத்தை எண்ணெயையும் குடித்து வைத்துக்கொண்டு, வடம் வளைந்து நிமிரும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கசியவிடும். கம்பிவடம் ஒரு கயிறு என்பதைவிட ஓர் இயந்திரம் என்று சொல்வதே பொருத்தம். நூற்றுக்கும் மேற்பட்ட உறுப்புகள் ஒன்றன்மேல் ஒன்று உரசி நகர்கிற இயந்திரம். எண்ணெய் வற்றினால் எந்த இயந்திரத்துக்கும் நேர்வதுதான் இதற்கும் நேரும்.

இத்தனை கம்பிகள் எதற்கு, ஒரே தடித்த எஃகுக் கம்பியாகப் போட்டால் என்ன? கணக்கு எளியது. ஒரு கம்பியைக் கப்பியில் வளைக்கும்போது அதன் வெளிப்பக்கம் நீள்கிறது, உள்பக்கம் சுருங்குகிறது. அந்த நீட்சியின் விகிதம், கம்பியின் விட்டத்தைக் கப்பியின் விட்டத்தால் வகுத்தால் கிடைப்பதுதான். 32 மில்லிமீட்டர் தடிப்புள்ள ஒற்றைக் கம்பியை 2 மீட்டர் கப்பியில் சுற்றினால் நீட்சி 1.6 சதவீதம். மிக வலுவான எஃகுகூட ஒரு சதவீதத்தை எட்டுவதற்கு முன்பே நிரந்தரமாக வளைந்துவிடும், திரும்ப நிமிராது. அதே கப்பியில் 2 மில்லிமீட்டர் கம்பிக்கு நீட்சி 0.1 சதவீதம். ஒன்றுமே நடக்காதது போல நிமிர்ந்துகொள்ளும். மெல்லிய கம்பி வளைவைப் பொறுக்கும், ஆனால் உரசலைப் பொறுக்காது. தடித்த கம்பிக்கு நேர் எதிர் குணம். கம்பிவடம் வடிவமைப்பவர்களின் வாழ்நாள் சண்டையே இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

சான்ஃபிரான்சிஸ்கோ தெருவில் இந்தச் சண்டை கூர்மையாகவே நடந்தது. கிரிப்பின் தாடை வடத்தின் வெளிப்புறத்தைத் தேய்க்கிறது. கப்பி அதை வளைக்கிறது. அன்றைய புரிகளில் கம்பிகளை அடுக்கடுக்காக, ஒவ்வோர் அடுக்கையும் வேறு வேறு முறுக்கில் சுற்றினார்கள். மேலடுக்குக் கம்பி கீழடுக்குக் கம்பியைக் குறுக்கே கடந்தது. கடக்கும் புள்ளிகளில் ஒன்றை ஒன்று வெட்டியது. வெளியே பளபளப்பாக இருக்கும் வடம் உள்ளே அறுந்துகொண்டிருந்தது. கேபிள் கார் தொழிலிலேயே இருந்த தாமஸ் சீல் 1885இல் ஒரு காப்புரிமை வாங்கினார். நடுவில் ஒன்று, அதைச் சுற்றி மெல்லிய கம்பிகள் ஒன்பது, வெளியே தடித்த கம்பிகள் ஒன்பது. எல்லாவற்றுக்கும் ஒரே முறுக்கு நீளம். வெளிக்கம்பி ஒவ்வொன்றும் உள்ளே இரண்டு கம்பிகளுக்கு இடையே உள்ள பள்ளத்தில் நீளவாக்கில் படுத்துவிடும், குறுக்கே கடப்பதில்லை. தேய்மானத்துக்குத் தடித்தது வெளியே, வளைவுக்கு மெல்லியது உள்ளே. உலகம் முழுக்க இன்றும் ரோப் பட்டியலில் இந்த அமைப்பு 'சீல்' என்ற அவர் பெயரிலேயே விற்கிறது. டெக்சாஸ் எண்ணெய்க் கிணறுகளில் தொங்குவதும் பெரும்பாலும் அதுதான். அங்கே பிறகு போவோம்.

கேபிள் காரை ஓடவிட்டவர் ஆண்ட்ரூ ஹாலிடி. லண்டனில் பிறந்தவர், அவருடைய அப்பாவே கம்பிவடத்துக்குக் காப்புரிமை வாங்கியவர். தங்கம் தேடி 1852இல் கலிஃபோர்னியா வந்த மகன், தங்கத்தைவிடச் சுரங்கங்களுக்கு வடம் விற்பதே நிலையான தொழில் என்று கண்டுகொண்டார். 1873 ஆகஸ்ட் 2 அன்று கிளே தெருவின் மேட்டில் முதல் வண்டியை ஓட்டிக் காட்டினார். ஈரமான கல் பாவிய மேட்டில் குதிரைகள் சறுக்கி விழுந்து செத்ததைப் பார்த்த இரக்கத்தில் இந்த எண்ணம் வந்தது என்று ஒரு கதை உண்டு. இருக்கலாம். கிடங்கில் வடம் வைத்திருந்த வியாபாரி அவர் என்பதும் உண்மைதான்.

ஆனால் கம்பிவடம் பிறந்தது அமெரிக்காவில் அல்ல. ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலைச் சுரங்கங்களில் தாதுவை மேலே இழுக்க ஒரு காலத்தில் இரண்டே வழி: சணல் கயிறு அல்லது இரும்புச் சங்கிலி. கயிறு ஈரத்தில் மக்கியது. சங்கிலி சொல்லாமல் கொள்ளாமல் அறுந்தது. கிளவுஸ்தாலில் சுரங்க அதிகாரியாக இருந்த வில்ஹெல்ம் ஆல்பர்ட் 1834இல் மூன்றரை மில்லிமீட்டர் இரும்புக் கம்பிகள் நான்கைச் சேர்த்து ஒரு புரி, அப்படி மூன்று புரிகள் சேர்த்து ஒரு வடம் எனக் கையாலேயே திரிக்கச் செய்தார். மொத்தம் பன்னிரண்டே கம்பிகள்.

சங்கிலிக்கும் வடத்துக்கும் உள்ள வேறுபாட்டை நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும், இந்த அத்தியாயம் முழுக்க அதைச் சுற்றித்தான் வரப்போகிறது. சங்கிலியில் கண்ணிகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் முழுச் சுமையையும் தாங்குகிறது. ஒன்று போனால் எல்லாம் போகும். வடத்தில் கம்பிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. தேர் இழுக்கிற கூட்டத்தில் நாலு பேர் கையை எடுத்துவிட்டாலும் தேர் நிற்பதில்லை. வடத்தில் இதற்கும் மேலே ஒரு நுட்பம் இருக்கிறது. அறுந்த கம்பி அதோடு வேலையை விட்டுவிடுவதில்லை. முறுக்கியிருப்பதால் பக்கத்துக் கம்பிகள் அதை நெருக்கிப் பிடித்திருக்கின்றன. அறுந்த இடத்திலிருந்து சில முறுக்கு தள்ளிப் போனால், உராய்வின் பிடியால் அதே கம்பி மறுபடியும் தன் பங்குச் சுமையைத் தாங்கத் தொடங்கிவிடும். காயம் ஓரிடத்தோடு நின்றுபோகிறது. நூறடி தள்ளி இன்னொரு கம்பி அறுந்தால் அது தனிக் காயம்; இதோடு கூட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

சங்கிலி என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்காவே பெரிய விலை கொடுத்திருக்கிறது. ஒஹையோ ஆற்றின் மேல் மேற்கு வர்ஜீனியாவின் பாயின்ட் பிளசன்டில் 1928இல் கட்டிய தொங்குபாலம் சில்வர் பிரிட்ஜ். வடத்துக்குப் பதில், நுனியில் ஓட்டை போட்ட எஃகுப் பட்டைகளை ஆணியில் கோத்த சங்கிலியில் அதைத் தொங்கவிட்டார்கள். ஒரு கண்ணிக்கு இரண்டே பட்டைகள். 1967 டிசம்பர் 15 மாலை, வண்டிகள் நிறைந்திருந்த நேரத்தில், ஒரே ஒரு பட்டை முறிந்து முழுப் பாலமும் ஆற்றில் விழுந்தது. இறந்தவர்கள் 46 பேர். முறிவுக்குக் காரணமான விரிசலின் ஆழம் சுமார் இரண்டரை மில்லிமீட்டர். அது ஓட்டையின் உள்பக்கத்தில் இருந்ததால், பட்டையைக் கழற்றாமல் எவர் கண்ணுக்கும் தெரிந்திருக்காது. நாடு முழுவதும் பாலங்களை ஆய்வு செய்ய வேண்டும் என்று சட்டம் வந்தது அதற்குப் பிறகுதான்.

கம்பிவடத்தை அமெரிக்காவின் தொழிலாக்கியவர் ஜான் ரோப்லிங். ஜெர்மனியின் மூல்ஹவுசனில் பிறந்து, பெர்லினில் பொறியியல் படித்து, 1831இல் பென்சில்வேனியாவுக்குக் குடிபெயர்ந்தவர். சாக்சன்பர்க் என்ற இடத்தில் விவசாயம் செய்யப் பார்த்து, அது சரிவராமல் பொறியாளர் வேலைக்கே திரும்பினார். அப்போது அலெகனி மலையைப் படகுகளே ஏறிக் கடந்தன! கால்வாயில் வரும் படகை வண்டியில் ஏற்றி, சரிவில் போட்ட தண்டவாளத்தில் கயிறு கட்டி இழுத்து, மறுபக்கக் கால்வாயில் இறக்கினார்கள். தடித்த சணல் கயிறு அடிக்கடி அறுந்தது, விலையும் அதிகம். ஜெர்மன் இதழ் ஒன்றில் கம்பிவடம் பற்றிப் படித்திருந்த ரோப்லிங், 1841இல் தன் நிலத்திலேயே அக்கம்பக்கத்து விவசாயிகளை வைத்து வடம் திரித்துக் கொடுத்தார். தொழில் வளர்ந்ததும் 1840களின் இறுதியில் நியூ ஜெர்சியின் ட்ரென்டனுக்கு வந்தார். கால்வாய், ரயில், பக்கத்திலேயே பீட்டர் கூப்பரின் இரும்பாலை. இடம் தேர்ந்தெடுத்ததில் தவறே சொல்ல முடியாது.

ரோப்லிங் குடும்பம் கட்டிய புரூக்ளின் பாலத்தின் கதையை எல்லோரும் சொல்வார்கள்: வேலை தொடங்கும் முன்னே 1869இல் தந்தை டெட்டனஸில் இறந்தது, ஆற்றடியில் வேலை பார்த்து மகன் வாஷிங்டன் நோயில் விழுந்தது, மருமகள் எமிலி கணவருக்கும் களத்துக்கும் நடுவே நின்று வேலையை முடித்தது. எனக்கு அதில் பிடித்த பகுதி வேறு. 1876இல் வடத்துக்கான எஃகுக் கம்பியை வாங்க ஒப்பந்தம் கோரினார்கள். பாலத்தின் அதிகாரி எவருக்காவது பங்கு இருக்கும் நிறுவனத்திடம் வாங்கக் கூடாது என்று அறங்காவலர்களில் ஒருவரான ஏப்ரம் ஹியூயிட் தீர்மானம் கொண்டுவந்தார். வாஷிங்டன் ரோப்லிங் தன் பங்குகளை விற்றே விட்டார். அப்படியும் ஒப்பந்தம் போனது ஜே. லாயிட் ஹெய் என்ற புரூக்ளின் தயாரிப்பாளருக்கு.

ஹெய்யின் ஆலையில் ஆய்வாளர்கள் ஒவ்வொரு சுருளாகச் சோதித்து, தேறியவற்றுக்குச் சான்று கொடுத்து வண்டியில் ஏற்றினார்கள். வண்டி நேராகப் பாலத்துக்குப் போகவில்லை. வழியில் ஒரு கட்டடத்துக்குள் நுழைந்தது. நல்ல சுருள்கள் இறங்கின, கழித்துப்போட்ட சுருள்கள் ஏறின. சான்று அதேதான். நல்ல சுருள்கள் ஆலைக்கே திரும்பிப்போய் மறுநாள் மறுபடியும் சோதனையில் தேறின. 1878இல் பிடிபடுவதற்குள் 200 டன்னுக்கும் மேற்பட்ட மட்டமான கம்பி வடங்களுக்குள் போய்விட்டது. அதை உருவி எடுக்க வழியே இல்லை.

ரோப்லிங் கணக்குப் போட்டார். வடத்தைத் தேவையைவிட ஆறு மடங்கு வலுவாக இருக்கும்படி திட்டமிட்டிருந்தார். மோசடிக்குப் பிறகும் ஐந்து மடங்காவது தேறும். ஒவ்வொரு வடத்திலும் ஹெய்யின் செலவில் சுமார் 150 கம்பிகளைக் கூடுதலாகப் போடச் சொன்னார். ஒரு வடத்துக்கு 19 புரி, புரிக்கு 278 கம்பி என்றால் 5,282 வரவேண்டும். இன்று புரூக்ளின் பாலத்தின் ஒவ்வொரு வடத்திலும் 5,434 கம்பிகள் இருப்பதாகச் சொல்கிறார்களே, அந்த அதிகப்படி வந்த கதை இது. பாலம் 1883 மே 24இல் திறந்தது. மட்டமான கம்பிகள் இன்னும் உள்ளேதான் இருக்கின்றன, சுமையைத் தாங்கிக்கொண்டு. சங்கிலியாக இருந்திருந்தால் ஒரு திருட்டுக் கண்ணி போதும்.

எஃகுக் கம்பிக்கு இந்த வலு எங்கிருந்து வருகிறது? வீடு கட்டும்போது நாம் வாங்கும் டிஎம்டி கம்பியில் 500 என்று போட்டிருக்கும். ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 500 நியூட்டன் வரை வளையாது என்று பொருள். வடத்துக் கம்பி சாதாரணமாக 1770, 1960 என்ற தரங்களில் வருகிறது. 1960 என்றால் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 200 கிலோ. இரண்டு மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரே கம்பி 600 கிலோவுக்கு மேல் தாங்கும். அபூர்வ உலோகம் எதுவும் சேர்ப்பதில்லை. இரும்பு, ஒரு சதவீதத்துக்கும் குறைவான கரி, கொஞ்சம் மாங்கனீசு, அவ்வளவுதான்.

ரகசியம் சமையலில் இருக்கிறது. ஆலைக்கு வரும் ஐந்தரை மில்லிமீட்டர் எஃகுக் கம்பியை 900 டிகிரிக்கும் மேல் பழுக்கக் காய்ச்சி, சுமார் 550 டிகிரியில் உருகிக் கிடக்கும் ஈயத் தொட்டிக்குள் ஓடவிடுவார்கள். சட்டென்று தண்ணீரில் விட்டிருந்தால் எஃகு கண்ணாடி போல நொறுங்கும். மெதுவாக ஆறவிட்டிருந்தால் மென்மையாகிவிடும். ஈயத்தின் சூட்டில் அது தனக்குள் மெல்லிய ஏடுகளாகப் பிரிகிறது. ஓர் ஏடு மென்மையான இரும்பு, அடுத்தது கடினமான இரும்புக் கார்பைடு, மறுபடி இரும்பு, மறுபடி கார்பைடு. பிறகு அமிலத்தில் கழுவி, வழுக்குப் பூச்சு கொடுத்து, டங்ஸ்டன் கார்பைடு டைக்குள் இழுப்பார்கள். டையின் துளை கம்பியைவிடச் சற்றே சிறியது. ஒவ்வோர் இழுப்பிலும் குறுக்குப் பரப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும். இப்படி எட்டு ஒன்பது டைகளைத் தாண்டி இரண்டு மில்லிமீட்டராக வெளியே வரும்போது ஒரு மீட்டர் கம்பி ஏழரை மீட்டராக நீண்டிருக்கும். உள்ளே ஏடுகளும் மெலிந்து, கம்பியின் போக்கிலேயே திரும்பி நிற்கும். ஏடு மெலிய மெலிய உலோகத்துக்குள் நழுவலுக்கு இடமில்லாமல் போகிறது, வலு கூடுகிறது. இழுக்க இழுக்க இளைத்தும் பலத்தும் போகிற பொருள்கள் அதிகம் இல்லை.

ட்ரென்டனில் இதெல்லாம் நடந்த தெருக்கள் இன்னும் இருக்கின்றன. கேபிள் கார்களுக்கு நீளமான வடம் தேவைப்பட்டபோது ஜானின் இன்னொரு மகன் சார்லஸ் 1893இல் அங்கே கட்டிய வடம் திரிக்கும் இயந்திரத்துக்கு '80 டன் இயந்திரம்' என்றே பெயர். ட்ரென்டனில் இடம் போதாமல் போனதும், 1905இல் தெற்கே டெலவேர் ஆற்றங்கரையில் சார்லஸ் ஓர் எஃகாலையும் அதற்கென ஓர் ஊரையும் கட்டினார். ஊருக்கும் ரோப்லிங் என்றே பெயர். ஹங்கேரி, ருமேனியா, ஸ்வீடன் என்று பல நாட்டுத் தொழிலாளர்கள் வரிசை வீடுகளில் குடியேறினார்கள். நிறுவனம் 1950களின் தொடக்கத்தில் கைமாறியது, ஆலை 1974இல் மூடியது. 1983இல் அரசு அந்த நிலத்தை நச்சுக் கழிவு அகற்ற வேண்டிய தேசியப் பட்டியலில் சேர்த்தது. அமிலமும் ஈயமும் புழங்கிய இடத்தில் வேறென்ன எதிர்பார்க்க முடியும்? ட்ரென்டனிலிருந்து கேம்டன் போகும் ரிவர் லைன் ரயிலில் ரோப்லிங் என்றே ஒரு நிறுத்தம் இருக்கிறது. ஆலையின் வாயில் கட்டடத்தில் 2009 முதல் ஓர் அருங்காட்சியகம். நியூ ஜெர்சியில் இருப்பவர்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு அது தாராளமாகப் போதும்.

ரோப்லிங் கம்பெனியின் பெரிய வேலைகளில் ஒன்று சான்ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் நிற்கிறது. கோல்டன் கேட் பாலம், 1937 மே. அதன் பெரிய வடங்கள் இரண்டும் முறுக்கியவையே அல்ல என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். வடம் ஒன்றுக்கு 27,572 கம்பிகள், ஒவ்வொன்றும் ஐந்து மில்லிமீட்டருக்குச் சற்றே குறைவு, அத்தனையும் ஒன்றுக்கொன்று இணையாகக் கிடக்கின்றன. புரிக்கு 452 வீதம் 61 புரிகள். முறுக்கினால் வளைவுத்தன்மை கிடைக்கும், ஆனால் வலுவில் கொஞ்சம் போகும், சுமை ஏறும்போது நீளவும் செய்யும். ஒரே இடத்தில் காலமெல்லாம் தொங்கப்போகும் வடத்துக்கு வளைவுத்தன்மை எதற்கு? தவிர, 92 சென்டிமீட்டர் தடிப்பில் இரண்டேகால் கிலோமீட்டருக்கு மேல் நீளமான வடத்தைத் திரித்துக் கொண்டுவந்து ஏற்றுகிற கப்பலும் இல்லை, தூக்குகிற கிரேனும் இல்லை. ஆகவே வடத்தை ஆகாயத்திலேயே நூற்றார்கள். சக்கரம் ஒன்று கம்பியை மாட்டிக்கொண்டு கரையிலிருந்து கோபுரத்தின் மேலாக எதிர்க்கரைக்குப் போகும், வரும். 1935 அக்டோபரில் தொடங்கி ஆறு மாதமும் சில நாள்களும். பிறகு நீரியல் அழுத்திகளால் நெருக்கி வட்டமாக்கி, மேலே மென்கம்பி சுற்றினார்கள். இரண்டு வடத்துக்கும் போன கம்பியை நீட்டினால் 1,29,000 கிலோமீட்டர், பூமத்திய ரேகையை மூன்று சுற்றுக்கு மேல்.

முறுக்கிய வடமும் அந்தப் பாலத்தில் உண்டு. பெரிய வடத்திலிருந்து சாலைத்தளத்தைத் தொங்கவிடும் செங்குத்து வடங்கள், 250 இணைகள், ஐம்பது அடிக்கு ஒன்று. பெரிய வடத்தின் முதுகில் வளைந்து இறங்குவதால் இவை வளையத்தக்கவையாக இருந்தே ஆகவேண்டும். உப்புக் காற்றும் மூடுபனியும் அவற்றை அரித்தன. 1970களில், வண்டிகள் போய்க்கொண்டிருக்கும்போதே, ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் மாற்றிவிட்டார்கள். பெரிய வடங்கள் பழையவைதான்.

நகராத வடத்துக்கு எதிரி துரு. நகரும் வடத்துக்கு எதிரி வளைவு. இரண்டுக்கும் பொதுவான எதிரி முனை. வடத்தை எங்காவது கட்டித்தானே ஆக வேண்டும், அங்கேதான் தொல்லை. 'யு' வடிவக் கிளிப்பை வடத்தின் நுனியில் போடும்போது, அதன் தட்டையான சேணப் பகுதி சுமை தாங்கும் வடத்தின் பக்கம் இருக்க வேண்டும். வளைந்த கம்பி, மடித்துவிட்ட வால் பக்கம் கடிக்க வேண்டும். மாற்றிப் போட்டால் சுமை தாங்கும் பக்கமே நசுங்கும். சுமை தாங்காத வால்தான் செத்த குதிரை; செத்த குதிரைக்குச் சேணம் போடாதே என்று அமெரிக்காவில் சுமை தூக்கும் ரிக்கர்கள் புதுப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

பெரிய வடங்களின் நுனியில் வேறு முறை. கம்பிகளை விளக்குமாறு போல விரித்து, கூம்பு வடிவ எஃகுச் சாக்கெட்டுக்குள் நுழைத்து, உருகிய துத்தநாகத்தை ஊற்றி உறைய வைப்பார்கள். புவர்ட்டோ ரிக்கோவின் அரேசிபோ வானொலித் தொலைநோக்கியில் 900 டன் மேடை ஒன்று இப்படிப்பட்ட வடங்களில் தொங்கியது. 2020 ஆகஸ்ட் 10 அன்று துணை வடம் ஒன்று சாக்கெட்டிலிருந்து உருவிக்கொண்டு வந்துவிட்டது. நவம்பர் 6இல் பெரிய வடம் ஒன்று அறுந்தது. டிசம்பர் 1இல் மேடையே கீழே விழுந்தது. துத்தநாகம் நீண்ட காலச் சுமையில் மெல்ல மெல்ல இளகி நகர்ந்திருந்தது. சில வடங்கள் சாக்கெட்டிலிருந்து ஓர் அங்குலத்துக்கு மேல் வெளியே வந்திருந்ததை 2017 மரியா புயலுக்குப் பின் ஆய்வாளர்கள் பார்த்தும் இருந்தார்கள். வடம் தன்னால் முடிந்த வழியில் சொல்லியிருக்கிறது. அதை ஆபத்தாக யாரும் படிக்கவில்லை.

வடத்தைப் படிப்பதற்கு எழுதிவைத்த விதிகள் உண்டு. ஒரு புரி வடத்தை ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவர எடுக்கும் நீளத்துக்கு 'லே' என்று பெயர். அமெரிக்கக் கிரேன் பாதுகாப்பு விதிப்படி, ஓடும் வடத்தில் ஒரு லே நீளத்துக்குள் ஆறு கம்பிகள் அறுந்திருந்தால், அல்லது ஒரே புரியில் மூன்று அறுந்திருந்தால், வடத்தைக் கழற்ற வேண்டும். விட்டம் ஐந்து சதவீதத்துக்கு மேல் குறைந்தாலும் கழற்ற வேண்டும், உள்ளே நடுக்கயிறு நசுங்கிவிட்டது என்பதற்கு அது அடையாளம். பழனி ரோப் கார் பராமரிப்புக்காக நிறுத்தம் என்று நம் நாளிதழ்களில் ஒரு சின்னப் பெட்டிச் செய்தி அடிக்கடி வருமே, அன்று மலையில் நடக்கும் வேலைகளில் இந்தப் படிப்பும் ஒன்று. சான்ஃபிரான்சிஸ்கோவில் புரி ஒன்று அவிழ்ந்து கிரிப்பில் சிக்கினால் ஓட்டுநரால் வடத்தை விடவே முடியாது, வண்டி இழுபட்டுக்கொண்டே போகும். அதனால் அவிழ்ந்த புரி தட்டியதும் வடத்தை நிறுத்திவிடும் எச்சரிக்கைக் கருவிகள் அங்கே இருக்கின்றன.

இனி டெக்சாஸ். 1870இலேயே அங்கே ரோப்லிங் கம்பி போய்விட்டது. வேக்கோ நகரில் பிரேசஸ் ஆற்றின் மேல் 475 அடித் தொங்குபாலத்துக்கு, ட்ரென்டனிலிருந்து கப்பலில் கால்வெஸ்டன், அங்கிருந்து ரயில், கடைசிக்கு மாட்டு வண்டி. ஆனால் டெக்சாஸில் வடத்தைத் தின்று தீர்த்தது பாலமல்ல. 1901 ஜனவரி 10இல் போமான்ட் அருகே ஸ்பிண்டில்டாப் கிணறு எண்ணெயைப் பீறிட்டு அடித்த பிறகு, எண்ணெய்த் துறைதான் பெரிய வாடிக்கை. இன்று உலக வடக் கம்பெனிகள் பலவற்றுக்கு ஹூஸ்டனில் கிளை இருக்கிறது. ராஞ்சியின் உஷா மார்ட்டினுக்கும் உண்டு.

மிட்லண்ட் பக்கம் ஒரு துளைக் கோபுரத்தைக் கவனியுங்கள். உச்சியில் நிலையான கப்பித்தொகுதி, கீழே ஏறி இறங்கும் கப்பித்தொகுதி. இரண்டுக்கும் நடுவே ஒரே வடம் பத்துப் பன்னிரண்டு முறை போய்வந்து, நூற்றுக்கணக்கான டன் குழாயைத் தூக்கி இறக்குகிறது. வடத்தின் ஒரு முனை டிரம்மில் சுற்றுகிறது. மறுமுனையை நங்கூரத்தில் கட்டியிருக்கிறார்கள், அதற்கு டெட் லைன் என்று பெயர். குழாயைத் தூக்க ஆரம்பிக்கும் நொடியில் முழு இழுவிசையும் வந்து விழுகிறது. அந்த நொடியில் கப்பியின்மேல் படுத்திருக்கும் வடத்துண்டு எப்போதும் ஏறத்தாழ அதே துண்டு. மற்ற இடங்கள் புதிதாக இருக்க, அந்தச் சில அடிகள் மட்டும் கிழடாகிவிடும்.

இதற்கு எண்ணெய் வயல்களில் கண்ட வழி, வடத்தை ஒரே இடத்தில் இருக்க விடாததுதான். ஒரு டன்னை ஒரு மைல் தூரம் நகர்த்தினால் ஒரு டன்-மைல். ஒவ்வொரு முறை குழாயை ஏற்றி இறக்கும்போதும் எத்தனை டன்-மைல் ஆனது என்று டிரில்லர் குறித்துவைப்பார். குறித்த அளவு எட்டியதும் வேலையை நிறுத்தி, கப்பித்தொகுதியைக் கட்டித் தொங்கவிட்டு, நங்கூரத்தைத் தளர்த்தி, பக்கத்தில் இருக்கும் பெரிய உருளையிலிருந்து சில பத்து அடி புது வடத்தை உள்ளே விடுவார்கள். டிரம் பக்கம் அதே அளவு பழைய வடத்தை வெட்டி எறிவார்கள். ஸ்லிப் அண்ட் கட் என்று இதற்குப் பெயர். ஆக, உருளையிலிருந்து நங்கூரம், நங்கூரத்திலிருந்து உச்சிக் கப்பிகள், அங்கிருந்து டிரம் என்று வடம் ஊர்ந்துகொண்டே இருக்கிறது. வெட்டி எறியும் துண்டில் பெரும்பாலும் ஒரு கம்பிகூட அறுந்திருக்காது. பார்ப்பதற்கு நல்ல வடம். நல்ல வடத்தை வீணாக்குகிறோமே என்று புதிதாக வருகிறவர்களுக்குத் தோன்றும். அறுந்த கம்பியை எண்ணிக்கொண்டிருக்கும் கட்டம் வரை போகாமல் இருப்பதற்குத்தான் டன்-மைல் கணக்கே.

வெட்டிய துண்டுகள் குப்பைக்குப் போவதில்லை. எண்ணெய் வயல்களை ஒட்டிய பண்ணைகளில், பழைய துளைக்குழாயைக் கம்பமாக நட்டு, இந்த வடத்தைக் குறுக்கே இழுத்துக் கட்டிய வேலிகளைக் காணலாம். மாடு முட்டினால் அசையாது. ஆனால் அதே துண்டை எடுத்து, நுனியில் கண்ணி போட்டு, சுமை தூக்கும் ஸ்லிங்காக்குவதற்கு ரிக்கில் அனுமதி கிடையாது. எத்தனை டன்-மைல் ஓடியது என்ற கணக்கு அந்தத் துண்டோடு கூட வருவதில்லை.